இருட்டில் அடிக்காத மணி

மணி பத்தாவதற்குச் சற்று முன்பே சுந்தரலிங்கம் முக்காலியில் ஏறிவிட்டார். டார்ச்சைத் துண்டால் சுற்றி, ஊசித்துளை அளவுக்கே வெளிச்சம் கசியவிட்டு, கடிகாரத்தின் அடியிலுள்ள சின்னக் கண்ணாடிப் பொட்டில் காட்டினார். அப்படிக் காட்டினால்தான் அது மணி அடிக்கும்.

கட்டிலில் மனைவி சந்தனம்மாள். சர்க்கரை பார்வையைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் வெளிச்சம் பட்டால் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிகிறது. ஜன்னல் திறப்பதே இல்லை. கண்ணைத் துணியால் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். மணியோசைதான் அவளுக்குப் பகலும் இரவும். "பொழுது தெரியாமக் கெடக்குறது கெணத்துக்குள்ள கெடக்குற மாதிரிங்க."

சுந்தரலிங்கம் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களுக்கடியில் குனிந்து நடந்து, மகசூல் எவ்வளவு தேறும் என்று பார்வையிலேயே மதிப்புச் சொல்லும் தரகர். கடையில் மட்டும் அந்தக் கண் எங்கோ போய்விடும். பழைய மோஸ்தரில் புதுசு என்றால் போதும், வாங்கிவிடுவார். செம்புக் கூஜா வாங்கினார். புளி போட்டுத் தேய்த்ததும் உள்ளிருந்து தகரம் சிரித்தது. மரப்பெட்டி ரேடியோ வாங்கினார். அதன் முள் வெறும் படம். "பழசு மாதிரி வேணும்னா என்னயப் பாத்துக்கிட்டு இருங்க" என்பாள், அப்போது பார்வையிருந்த சந்தனம்மாள்.

சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் வில் அறுந்து நின்றபோது, கம்பம்மெட்டு வழியாகப் பழம்பொருள் எடுக்க வரும் சேட்டனிடம் அதைத் தள்ளிவிட்டு, அதே ஜாடையில் போனில் ஒன்று வரவழைத்தார். தேக்கு நிறம், ஆடும் பெண்டுலம். இனி அவளுக்கு இது துணை, நாம் நிம்மதியாகத் தோட்டம் போகலாம் என்று நினைத்தார். அவள் அறையில் மாட்டினால், ஊமையாக இருந்தது. தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யாமலிருக்க இருட்டில் அடிக்காது என்று கம்பெனிப் பெண் போனில் விளக்கினாள்.

"என் பொண்டாட்டி தூங்கல ஆத்தா" என்றார் இவர்.

கூடத்தில் மாட்டிப் பார்த்தார். அந்த மெல்லிய ஓசை சுவரைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து மணிக்கு மணி டார்ச்சும் கையுமாக வீட்டோடு கிடக்கிறார். வியாபாரிகள் வேறு தரகரைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்று டார்ச் காட்டியும் மணி வரவில்லை. பெட்டிக்குள் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். தட்டினார், குலுக்கினார். முள் பத்தைக் கடந்தது. பெண்டுலத்துக்குத் தனி பேட்டரி. அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இன்னும் பத்தாகலயா?"

அந்தக் குரலில் கிணற்றுப் பயம் ஏறியிருந்தது. சுந்தரலிங்கம் இறங்கினார். தண்ணீர் டம்ளரைக் காலிசெய்து, விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, கரண்டியால் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஓசை அடங்கும்வரை காத்திருந்து, பத்து வரை.

"இப்பத்தேன் நம்ம பழைய கடியாரம் மாதிரி அடிக்குது" என்றாள் சந்தனம்மாள்.

அடுத்த மணிக்கு வெகுநேரம் இருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைக்காமலே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.