மீன் சுமந்த தேவர்கள்

1946 செப்டெம்பர் 20, வெள்ளிக்கிழமை. அப்பா வழமைபோல் பைப்படியில் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைக் கோட்டை மாட்டினார். பொத்தான்களை எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் பூட்டுவார். அன்று நடுப் பொத்தானுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. வாசலில் முதலாளியின் றிக்‌ஷா.

நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை வீடு முதலாளியுடையது. அப்பா கிளாக்கராக இருந்த கொச்சிக்கடைச் சரக்குக் கிட்டங்கியும் அவருடையதே. மாலைகளில் அப்பா புராணத்துக்குப் பயன் சொல்லும் கோயிலுக்கும் அவர்தான் தர்மகர்த்தா. எல்லாம் ஒருவரிடமே இருப்பது மிக வசதியான ஏற்பாடு என்று ஒன்பது வயதில் நான் நினைத்திருந்தேன்.

முதலாளி கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கதைத்தார்.

"கிளாக்கர், இண்டைக்குத் தேவர்கள் மீன் சுமக்கிற இடமல்லோ?"

"ஓம் ஐயா."

"கிட்டங்கியிலை மூட்டை தூக்கிற நாட்டாமியள் முழுப்பேரும் வேலையை விட்டிட்டு இப்ப கோயிலிலைதான் குந்தியிருக்கிறாங்கள். அசுரன் ஏவினான், வதைச்சான் எண்டு நீட்ட வேண்டாம். சிவனை மதியாத வேள்விக்குப் போன பாவத்தாலை தேவர்கள் சுமந்தவை, பொறுத்திருந்தவை, முருகன் வந்தார். இவ்வளவும் புராணத்திலை இருக்கிறதுதானே? நான் புதிசா ஒண்டும் சொல்லச் சொல்லேல்லை."

"இருக்குது ஐயா."

"பிறகென்ன. கூரை ஒழுகுது எண்டு சொன்னனீர். ஆளனுப்பிறன்."

றிக்‌ஷா திரும்பியதும் அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தாள். "கூரைக்குச் சொன்னது மாசியிலை. இண்டைக்கெல்லோ நினைவு வந்திருக்கு." சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தினாள். "அவர் சொன்னபடியே சொல்லிப்போட்டு வாங்கோ. பொய்யில்லைத்தானே?"

"பொய்யில்லை" என்றார் அப்பா. மிச்சப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அன்று மாலை கோயில் மண்டபத்தில் வழமையைவிடச் சனம். நாட்டாமிகள் பின்பக்கத் தூண்களை ஒட்டி இருந்தார்கள். சம்பளத்தில் வெட்டியதைத் திருப்பித் தரும்வரை மூட்டை தொடுவதில்லை என்று இரண்டாவது வாரமாக நின்றவர்கள். முதலாளி முன்வரிசையில், பட்டுச் சால்வையோடு, அப்பாவுக்கு நேரெதிரே.

புராணம் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. பாட்டை இராகத்தோடு படிப்பவர் என் மாமா. அதற்குப் பொருள் விரித்துச் சொல்வது, அதாவது பயன் சொல்வது, அப்பா. பயன் சொல்பவர் வாய் திறக்காவிட்டால், பாட்டு அவர் காதில் விழவில்லை என்று கொண்டு மறுபடி படிக்க வேண்டும்.

அசுர அரசனின் ஏவலால் தேவர்கள் கடலில் மீன் பிடித்துச் சுமந்துவந்த பாட்டை மாமா படித்து முடித்தார். அப்பா ஏட்டைப் பார்த்தபடி இருந்தார். மாமா திரும்பவும் படித்தார். அப்பா பேசவில்லை. தன் குரலில் மாமாவுக்கு மிகுந்த விருப்பம். மூன்றாந்தரம் இன்னும் நீட்டி, உருக்கமாகப் படித்தார். பின்வரிசையில் ஒருவருக்கும் இனிப் பயன் தேவைப்படவில்லை. ஒரு கிழவர் தன் தோளைத் தடவிக்கொண்டார். பக்கத்திலிருந்த அம்மாவின் நகம் என் உள்ளங்கையில் அழுந்தியது.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார்.

"தேவர்கள் தலையிலை மீன் சுமந்தவை. ஆரும் காணக்கூடாதெண்டு வெட்கப்பட்டுச் சுமந்தவை."

அவ்வளவுதான். மாமா அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார்.

"ஏன் சுமந்தவை எண்டதையும் சொல்லும்" என்றார் முதலாளி. பயன் சொல்லும்போது குறுக்கே பேசுவதை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

"வேள்விக்குப் போன பாவத்தாலை."

முதலாளி பின்பக்கம் திரும்பிப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"ஆனால் அந்தக் கதை பிறகுதான் வருது, ஐயா. இண்டைக்குப் படிச்ச பாட்டிலை அது இல்லை."

தூணடியிலிருந்து ஓர் இளம் நாட்டாமி எழுந்தான். "ஐயா, எம்புட்டு நாளைக்குச் சுமந்தாங்க?"

"முருகன் வரும்வரைக்கும்."

"பாத்தியே? பொறுத்திருந்தவை!" என்று முதலாளி சிரித்தார். முன்வரிசையில் இரண்டொருவர் கூடச் சிரித்தார்கள்.

இளைஞன் உட்காரவில்லை. "அவரு தன்னால வந்தாரா, இல்ல யாராச்சும் போய்க் கேட்டாங்களா?"

அப்பா முதலாளியைப் பார்த்தார். பிறகு அம்மாவும் நானும் இருந்த பக்கம் பார்த்தார். அம்மா மெல்லத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்றா, சொல்லுங்கோ என்றா என்பதை நான் பின்னாளிலும் அவளிடம் கேட்கவில்லை.

"கேட்டவை" என்றார் அப்பா. "தனித்தனியாப் போகேல்லை. எல்லாரும் சேர்ந்து கைலாயத்துக்குப் போய்க் கேட்டவை."

மண்டபத்தில் யாரும் ஆரவாரிக்கவில்லை. அந்த இளைஞன் கைகூப்பிவிட்டு உட்கார்ந்தான். முதலாளி சால்வையை உதறி எழுந்து, தீபாராதனைக்கும் நிற்காமல் வெளியேறினார். தர்மகர்த்தா போன பிறகு மணி அடிப்பதா விடுவதா என்று ஐயர் சற்றுநேரம் தடுமாறினார்.

முதலாளி எழுந்துபோன காரணம் எனக்கு ஐயமின்றி விளங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மீன் என்ற சொல்லையே எங்கள் வீட்டில் அம்மா எடுக்கவிடமாட்டாள். அப்படியிருக்க, மாமா அதைக் கோயிலில் மூன்று தரம் இராகம் போட்டுப் பாடினால் விரதகாரர் எப்படி இருப்பார்? வீடு திரும்பும் வழியில் இதை அப்பாவிடம் சொன்னேன். "ஓம் பிள்ளை, அதுதான்" என்றார். இருட்டில் அம்மா சிரித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அம்மா சுவரிலிருந்த சாமிப் படங்களை இறக்கினாள். ஒவ்வொன்றையும் துடைத்துப் பழைய சேலையில் சுற்றி என்னிடம் தந்தாள். அடுத்த வாரம் நவராத்திரி. இந்த வருடம் துப்புரவு முன்கூட்டியே தொடங்கிவிட்டதென்று மகிழ்ந்து, முருகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா கோட்டுப் போடாமல் முக்காலியில் ஏறி நின்று, படங்கள் தொங்கிய ஆணிகளையும் பிடுங்கிக் காகிதத்தில் மடித்தார். துப்புரவுக்கு ஆணிகளை ஏன் பிடுங்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.