கஸ்பார் மாஸ்டருக்கு வந்த தட்டு

அடுப்பில் டீ கொதித்து இறங்கும் வரைக்கும் கஸ்பார் மாஸ்டர் சும்மா நிற்க மாட்டார். டிரம்பெட்டின் ஊதுவாயை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து ‘புர்ர்... புர்ர்’ என்று ஊதிக்கொண்டிருப்பார். சூரமங்கலத்தில் அந்தச் சந்துக்கே அலாரம் அதுதான். பக்கத்து வீட்டு அம்மா, “எருமை கெளம்பிருச்சு” என்பாள். மாஸ்டர் காதில் விழும், கோபம் வராது. ஒரு நாளைக்கு அவரைப் பற்றி இன்னொரு வாய் பேசுகிற பேச்சு அது ஒன்றுதான்.

வயது அறுபத்தாறு. ஆள் ஒல்லி, கன்னம் மட்டும் ஊதி ஊதித் தளர்ந்து தொங்கும். மீசையில் நடுப்பாகத்தை மழித்திருப்பார். கேட்டால், “மசுரு மாட்டுனா சுதி ஓடிப்போயிருமுங்க” என்பார்.

இளவயதில் கோயில் பேண்டில்தான் ஊதினார். ஒரு திருவிழாவில் மாதா தேர் தெருமுனையில் திரும்பும்போது, நிதானமாகப் போன பாட்டைச் சட்டென்று துள்ளலுக்குத் திருப்பிவிட்டார். டிரம்காரன் மட்டும் சும்மா இருப்பானா? அவன் பங்குக்கு இரண்டு அடி கூடப் போட்டான். ஜெபமாலையோடு வந்த ஜனம் ஆடத் தொடங்கிவிட்டது! பங்குச் சாமியார் கூப்பிட்டு, “இது தேரா, தெருக்கூத்தா?” என்று கேட்டுச் சீட்டைக் கிழித்துவிட்டார். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. அடுத்த முகூர்த்தத்துக்கே கஸ்பார் பேண்டு கிளம்பிவிட்டது. சிவப்புக் கோட்டு, சாக்ஸபோன், காலை நிற்கவிடாத தாளம். வாழப்பாடியிலிருந்து வெண்ணந்தூர் வரைக்கும் கல்யாண ஊர்வலத்தில் அந்த ஆட்டத்தை முதலில் ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இன்றைக்கும் கிராக்கி குறையவில்லை.

ஆனால் மனுஷர் ஒண்டிக்கட்டை. “முகூர்த்த நாளெல்லாம் அடுத்தவன் கல்யாணத்துக்கே போயிருச்சு. எனக்குன்னு நாளு எங்க மிஞ்சுது?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கின பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பேண்டுக்காரருக்கு மண்டப வாசல்தான் எல்லை. ஊர்வலம் வாசலைத் தொட்டதும் மாப்பிள்ளை உள்ளே, பேண்டு வெளியே. சாப்பாடு கடைசிப் பந்தியில். “எத்தன கல்யாணம் ஊதியிருப்பேன்! சும்மா வந்து உக்காருங்கன்னு ஒருத்தராச்சும் கூப்புட்டிருக்காங்களா?” என்பது அவருடைய தீராத வயிற்றெரிச்சல்.

போன ஆவணியில் வெண்ணந்தூர் சாரதாமணி புருஷனோடு வீடு தேடி வந்தாள். அவள் கல்யாணத்துக்கு ஊதியவர் மாஸ்டர்தான். இப்போது மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம். வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து நீட்டி, “நீங்க இல்லாம எங்கூட்டுக் கல்யாணமாங்கண்ணா? கட்டாயம் வந்தரோணும்” என்றாள்.

தொழில் என்றால் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் முடியும், இல்லாவிட்டால் போனில் முடியும். வீடு தேடித் தட்டோடு வந்தால்? சொந்தம்தானே! எத்தனை ஆள், எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்துத் தோட்டம் துரவு உள்ள வீடுகளில் பந்தல்காரர், சமையல்காரர் வரைக்கும் தட்டு வைத்துத்தான் வேலைக்கே அழைப்பார்கள் என்று, புரோக்கர் மூலமே அந்தப் பக்கம் போய்வந்த அவருக்கு யார் சொன்னார்கள்?

அந்த நாளுக்கு வந்த வேறு கிராக்கியைத் திருப்பி அனுப்பினார். “எங்க வேணாலும் போயி வாசிங்கடா, எனக்கு ஒரு விசேஷம் இருக்குது” என்று தன் ஆட்களையும் விட்டுவிட்டார். கரை வைத்த புது வேட்டி எடுத்தார். வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்று வாங்கி வண்ணத்தாள் சுற்றினார். டிரம்பெட்டை வீட்டில் விட்டுப் பூட்டிவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு ராசிபுரம் பஸ் ஏறினார். வழியெல்லாம் வாயோரத்தில் சிரிப்பு.

ராசிபுரம் மண்டபத்துக்கு வெளியிலேயே சாரதாமணியின் புருஷன் மோகன்குமார் வழிமறித்தார். “ஏனுங்க மாஸ்டர், இத்தன நேரமுங்களா? புள்ளயார் கோயில்ல மாப்பிள்ள காத்துக்கிட்டிருக்குதுங்க. ஆளுகெல்லாம் எங்கீங்க? வேன் பின்னால வருதுங்களா?”

அட ஆண்டவரே! அந்தத் தட்டு வந்தது தொழிலுக்குத்தானா! நான் விருந்துக்கு வந்தவன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கல்யாண வீட்டுக்காரர் கூனிக் குறுகிப்போவார். “ஆமாங்க, பின்னாலயே வருதுங்க” என்றார்.

சுவரோரம் ஒதுங்கி சகாயராஜுக்குப் போன் போட்டார். அவரிடம் தொழில் கற்று, சண்டை போட்டுப் பிரிந்து, ராசிபுரத்தில் தனியாக பேண்டு வைத்திருப்பவன். இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. “டேய், மாஸ்டர் பேசறேன். மானம் போவுதுடா. செட்டோட வா.” நல்லவேளை, அடுத்த தெரு மண்டபத்தில் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தான். “வந்தர்றேன் மாஸ்டர்” என்றான்.

வந்தான். இறங்கினதும் தன் டிரம்பெட்டை நீட்டினான். மாஸ்டர் பரிசுப் பொட்டலத்தை வேன் சீட்டில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். பிள்ளையார் கோயிலிலிருந்து ஊதினார் பாருங்கள், அப்படி ஓர் ஊதல்! மாப்பிள்ளையே ஆடிவிட்டார்.

வாசலில் ஊர்வலம் முடிந்து கூட்டம் உள்ளே போயிற்று. ஆரத்தித் தட்டோடு நின்ற சாரதாமணி அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். கோட்டு இல்லை. புது வேட்டி. வேனிலிருந்து எடுத்த வண்ணப் பொட்டலம் கையில். அவள் முகம் செத்துப்போயிற்று. “அண்ணா... நீங்க விருந்துக்கு, ஒறம்பரையா வந்தீங்களா?”

“ஆளுகள வண்டி ஏத்தி உட்டுட்டு வாரேன் அம்மணி. நீ போ” என்றார். அதற்குள் யாரோ அவளை உள்ளே இழுத்துப்போனார்கள்.

சகாயராஜின் வேன் கிளம்பிப் போயிற்று. வரவேற்பு மேசையில் நின்ற பெண்கள் போட்டோவுக்கு ஓடிவிட்டிருந்தார்கள். மாஸ்டர் மேசைக்கு முன்னால் வந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். பிறகு பன்னீர்ச் செம்பை எடுத்துத் தன் தலையில் தானே தெளித்துக்கொண்டு உள்ளே போனார்.