பிஸ்கட் டப்பாவும் டாக்டர் பட்டமும்

பிரெஞ்சுக்காரன் போட்டுவிட்டுப் போன தெருக்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ நம்ம புதுச்சேரிக்கு வண்டி வண்டியாக வருகிறார்கள். ஸ்டெல்லாமேரியைப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லை. வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம் ஜன்னல் இல்லாத நீள அறை. எண்பதாயிரம் நோயாளிகளின் ஃபைல்கள். நடுவில் மூக்குக் கண்ணாடியும் தூசித் துணியுமாக ஒரு பொம்பளை நிற்பாள், அவள்தான் ஸ்டெல்லாமேரி. கனகசெட்டிக்குளத்தில் வலை இழுத்தவரின் மகள். விடிவதற்குள் பஸ் பிடித்து ஊருக்குள் வந்து படித்து, இருபத்திரண்டாவது வயதில் அந்த அறைக்குள் நுழைந்தவள். இப்போது நாற்பத்தாறு. இத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு ஃபைல் தொலைந்ததில்லை. யார் வேண்டுமானாலும் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. தகவல் மேலாண்மையில் டாக்டர் பட்டம்! வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து படிக்கிற ரகம் இல்லை இது. வேலையில் இருந்துகொண்டே, தன் வேலையில் இருக்கிற ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பாடமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக. புருஷன் அமலநாதன் நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஓட்டுகிறவன். கேட்டதும் வாயைப் பிளந்தான்.

"டாக்டரா? அப்போ எனக்கு முட்டி வலிக்கு நீயே ஊசி போடுவியா?"

"இந்த டாக்டர் ஊசி போடமாட்டாங்க. உங்க முட்டி எக்ஸ்ரே எந்த அலமாரியில இருக்குன்னு சொல்லுவாங்க."

"அது போதும்டீ. வலிச்சா அலமாரியைப் பாத்துக்கறேன்."

கிண்டல் பண்ணினானே தவிர, அன்றிலிருந்து ராத்திரிச் சமையல் அவன் பொறுப்பு. மகள் ஆஷ்லின் காலேஜ் பாடத்தை ஒரு பக்கம் படிக்க, அம்மா இன்னொரு பக்கம் படித்தாள்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்த சிக்கல் நல்ல சிக்கல். கார்டு நம்பர் தெரியாமல் வருகிறவர்களின் பழைய ஃபைலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனால் எழுதினதெல்லாம் புஸ்தகத்திலிருந்து எடுத்த பெரிய பெரிய விஷயம். படம் போட்டாள், அம்புக்குறி போட்டாள். ஒரு தடவை அனுப்பினாள், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் வந்தது. இரண்டு தடவையும் ஒரே கேள்விதான்: "எல்லாம் சரி, இதில் நீங்கள் செய்கிற வேலை எங்கே?"

மூன்றாவது தடவைதான் கடைசி. தேர்வாளர் நேரிலேயே வந்து அவள் வேலை செய்கிறதைப் பார்ப்பார். அதிலும் தேறவில்லை என்றால் பதிவு ரத்து. மூன்று வருஷம் போனது போனதுதான்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டும். அவள் மேஜைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதற்குள் நீளமான நோட்டு. நம்ம ஊர் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த தேதி ஞாபகம் இருக்காது. "மாசிமகத்துக்கு மறுநாள் வந்தேம்மா" என்பார்கள். "வில்லியனூர் தேர் அன்னைக்கு" என்பார்கள். மாசிமகம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில் வரும். கம்ப்யூட்டருக்கு மாசிமகம் தெரியுமா? அதனால் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்தே திருவிழா வாரியாகக் குறித்து வைத்தாள். பேர் எழுதமாட்டாள். வந்த ஆளே மறக்காத ஒரு அடையாளம், பக்கத்தில் ஃபைல் நம்பர். அவ்வளவுதான்.

அதை ஆராய்ச்சியில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. டாக்டருக்குப் படிக்கிறவள் பிஸ்கட் டப்பாவைக் காட்டினால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

வீராம்பட்டினம் தேருக்கு மறுநாள் தேர்வாளர் வந்தார். பேர் கிளோதின். இந்த ஊரிலேயே பிறந்து, பாரிஸில் பாடம் நடத்துகிற அம்மா. லீவுக்கு வந்த இடத்தில் இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டார். சிரிக்கவே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்னை மறந்துடுங்க. உங்க வேலையைப் பாருங்க" என்றார். ஸ்டெல்லாமேரி டப்பாவைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார் ஜாக். எண்பது வயது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பென்ஷன்காரர். கைத்தடி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

"ஏம்மா, கழுத்துக்கு ஸ்கேன் எடுக்கணுமாம். என் கையில வச்ச தகடு என்னா உலோகம்னு தெரியாம காந்த மிஷினுக்குள்ள விடமாட்டேங்கறான். ஃபைலைக் குடு."

"கார்டு இருக்குங்களா?"

"கார்டு இருந்தா உங்கிட்ட ஏன் வர்றேன்?"

ஸ்டெல்லாமேரி கம்ப்யூட்டரில் தட்டினாள். ஆராய்ச்சியில் எழுதின முறைப்படியே போனாள். முதலில் பேர். நம்ம ஊரில் ஜாக்குக்கா பஞ்சம்? முப்பத்தொரு ஜாக் வந்து நின்றார்கள். அவசரத்தில் கொண்டுவந்தவர்களைச் சேர்க்கும்போது வயதைக் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்கள், அதனால் பிறந்த தேதியும் உதவவில்லை. ஐந்து நிமிஷம் போனது. பத்து ஆனது. கிளோதின் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். அந்தப் பேனா ஓடின சத்தத்தில் ஸ்டெல்லாமேரிக்கு மூன்று வருஷமும் கண்ணெதிரே கரைந்து ஓடியது.

ஜாக்குக்குப் பொறுமை போய்விட்டது. தடியால் மேஜைக்காலைத் தட்டினார்.

"என்னாம்மா ஸ்டெல்லா, புதுசா வேஷம் கட்டற? எப்பவும் அந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து நோட்டைத்தானே பாப்பே? போன தடவை என் சம்சாரத்து ஃபைலை ஒரு வெத்தலை போடற நேரத்துல எடுத்துக் குடுத்தியே!"

கிளோதின் நிமிர்ந்தார். "எந்த டப்பா?"

"மேஜைக்கு அடியில, மதாம். நல்லா குனிஞ்சு பாருங்க."

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஸ்டெல்லாமேரி டப்பாவை எடுத்து மேஜைமேல் டம்மென்று வைத்தாள். பயம் போன இடத்தில் ஒரு வேகம் வந்துவிட்டது.

"பெரியவரே, கை எப்ப உடைஞ்சது?"

"குருத்தோலை ஞாயிறு. கோயில் படியில வழுக்கிட்டேன். வருஷம் கேக்காத."

"வருஷம் வேணாம்."

பக்கம் புரண்டது. குருத்தோலை ஞாயிறு, ஒரு வருஷம், அதற்கு முன் வருஷம், அதற்கும் முன்னால். விரல் நின்றது. சத்தமாகவே படித்தாள்: "படியில் விழுந்தவர். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதும் ஓலையை விடமாட்டேன் என்று சண்டை."

"நான்தான்! நானேதான்!" ஜாக் கைத்தடியைத் தூக்கிவிட்டார். "மந்திரிச்ச ஓலையாச்சே! வீட்டுக்குத் திரும்பினதும் அதைச் சிலுவையில சொருகிட்டுதான் படுத்தேன்!"

பத்தொன்பதாவது அலமாரி, நாலாம் தட்டு. ஃபைல் வந்தது. தகடு டைட்டானியம், காந்தம் இழுக்காத உலோகம் என்று அதில் ஆபரேஷன் குறிப்பு இருந்தது. டப்பா திறந்ததிலிருந்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஜாக் ஃபைலோடு ஸ்கேன் அறைக்கு, எண்பது வயதில் அணிவகுப்பு நடை போட்டுப் போனார்.

கிளோதின் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பத்துப் பக்கம், இருபது பக்கம். பிறகு கேட்டார்: "இதுல நோயாளி பேரு எங்கயும் இல்லையே?"

"எழுதமாட்டேன் மேடம். அவங்க நோய் அவங்களோட. நோட்டு தொலைஞ்சாலும் யாருக்கும் ஒண்ணும் தெரியக்கூடாது."

"இதை ஏன் ஆராய்ச்சியில எழுதல?"

"வெட்கமா இருந்துச்சு."

அப்போதுதான் அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "நீங்க அனுப்பின முந்நூறு பக்கத்தையும் ஒப்புக்க முடியாது. எடுத்து ஓரமா வைங்க. இந்த நோட்டை எழுதுங்க. எப்படி ஆரம்பிச்சீங்க, எங்க தப்பாப் போச்சு, அடையாளத்தை எப்படிப் பொறுக்கறீங்க, எல்லாத்தையும். எட்டு மாசம். பதிவு ரத்தாகாது, நான் எழுதித் தர்றேன்."

முந்நூறு பக்கம் போச்சே என்று வேறொருத்தி அழுதிருப்பாள். இவள் போனை எடுத்து அமலநாதனைக் கூப்பிட்டாள். அவன் நடு ஆற்றில் இருந்தான்.

"ஏங்க, பதிவு தப்பிச்சுடுச்சு! எல்லாத்தையும் முதல்லேருந்து எழுதணுமாம்!"

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"ஆமாங்க! டப்பாவை எழுதணுமாம்!"

அவன் படகில் இருந்தவர்களிடம் திரும்பி, "எம் பொண்டாட்டி டாக்டர் ஆவப்போறா!" என்று கத்தினான். யார், எவர் என்று தெரியாமலே சுற்றுலா வந்த சனம் கை தட்டியது, அது போனிலேயே கேட்டது.

ஸ்டெல்லாமேரி நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். புதுப் பக்கத்தில் எழுதினாள்: "வீராம்பட்டினம் தேருக்கு மறுநாள். பெரியவர் டப்பாவைக் காட்டிக் கொடுத்தார்."

ஃபைல் நம்பர் எழுதுகிற இடத்தில் தன் பல்கலைக்கழகப் பதிவு எண்ணைப் போட்டாள்.