நான் கேட்காமல் விட்ட முடிவு

பெருங்குடல் புற்றுநோய்க்காக எனக்கும் குறிஞ்சாக்கேணி நசீர் நானாவுக்கும் ஒரே கிழமையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்கள். வெட்டியெடுத்த பிறகும் நோயின் மிச்சம் இருக்கிறதா என்று அறிய, கட்டியின் மரபணுத் துணுக்குகளை இரத்தத்தில் தேடும் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்கும் இருவரும் ஒன்றாகவே இரத்தம் கொடுத்தோம்.

முடிவு வந்த அன்று நான் காட்டிய வீரத்தைச் சொல்லத்தான் வேண்டும். தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஒண்டும் இல்லயாம், வெளியில வாங்கோ!" என்று அவள் கத்திய பிறகுதான் வந்தேன். உடனே நானாவை அழைத்தேன்.

"நானா, என்ர இரத்தம் சுத்தமாம்! இனி எங்கட லிங்கநகர் நுளம்பெல்லாம் பயமில்லாமக் குடிக்கலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! நுளம்புக்கு நல்ல காலம், தம்பி."

கால் மணித்தியாலம் நான் பகிடி விட்டேன், அவர் சிரித்துக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் மஸ்கட் இனிப்புப் பெட்டியுடன் அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் மனைவி அழுதார்.

"அவருக்கு மிச்சம் இருக்காம். நேத்துக் காலமையே சொல்லிட்டாங்க."

நான் அழைப்பதற்கு முன்பே.

நானா வந்து பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏன் நானா, எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கல்லயே, தம்பி."

அதையும் சிரித்தபடிதான் சொன்னார். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களில் அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று அறிந்திருந்தவன் நான் ஒருவன்தான். நானே கேட்கவில்லை.