பிரபலங்கள் படிக்கச் சொன்னவை

வெயில் ஏற ஆரம்பித்தால் சிலருக்கு வேர்க்குரு வரும். வார இதழ் ஒன்றுக்குக் கோடை வாசிப்புப் பக்கம் வரும். ஓவியர், நடனக்காரர், கட்டட வடிவமைப்பாளர், உடை வடிவமைப்பாளர் என்று கலையை வைத்துப் பிழைக்கிற ஆறு பேர், ஆளுக்கொரு புத்தகத்தைப் படிக்கச் சொல்வார்கள். ஆறு படம், ஆறு பத்தி. படத்தில் எல்லோரும் ஜன்னலோரமாக உட்கார்ந்து, கையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பக்கத்தைத் தயாரித்த துணை ஆசிரியையை அலுவலகமே கோடை அக்கா என்று கூப்பிட்டது. மற்ற மாதங்களில் அவள் துணுக்குகளைச் சுருக்கினாள், மருத்துவக் குறிப்புகளில் ஒற்றுப்பிழை பார்த்தாள். அதற்கெல்லாம் பட்டப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேலை எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். அக்கா போன் போடுவாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "புத்தகமா? நான் படிக்காத புத்தகமா? எதைச் சொல்றது, எதை விடறது?" என்பார் பிரபலம். பிறகு எதையுமே சொல்லமாட்டார். ரெண்டு நிமிஷம் அவருடைய அடுத்த கண்காட்சியைப் பற்றிப் பேசிவிட்டு, "நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக்கோங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று முடித்துவிடுவார். உடை வடிவமைப்பாளர் ஒருவர் மட்டும் உண்மையாகவே ஒரு நிபந்தனை வைத்தார். அட்டை பச்சையாக இருக்கவேண்டுமாம். படத்துக்கு அவர் உட்காரும் சோபா மஞ்சள்.

அப்புறம் எல்லாம் அக்காவின் ராஜ்யம். புத்தகத்தை அவளே எடுப்பாள், பத்தியையும் அவளே எழுதுவாள். அதில் அவளுக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. இசைக்காரருக்கு எழுதினால் மௌனத்தைப் பற்றி ஒரு வரி. கட்டடக்காரருக்கு வெளிச்சம். ஓவியர் வாயில் மட்டும் நிறம் என்ற சொல்லை வைக்கமாட்டாள், அது அவளுக்கே கூச்சமாக இருக்கும். புகைப்படக்காரரிடம் ஒரு துணிப்பை நிறையத் தன் சொந்தப் புத்தகங்களையே கொடுத்தனுப்புவாள். ஏனென்றால் பாதிப் பேர் வீட்டில் படம் எடுக்க ஒரு புத்தகம்கூடக் கிடைக்காது. இருந்தாலும் அது கையேடாக இருக்கும், வாஷிங் மெஷினுடையது. பை திரும்பி வரும்போது ஒன்று குறையும், இன்னொன்றில் உதட்டுச்சாயம் இருக்கும். பக்கம் வெளியானதும் அந்த ஆறு பேரும் அதைத் தங்கள் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பி, 'மனசிலிருந்து சொன்னேன்' என்று எழுதிக்கொள்வார்கள்.

"இது வெளியில போகக்கூடாதும்மா. பத்திரிகையோட மானம்" என்று ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அக்காவும் வாயைத் திறக்கவில்லை. மானம் பெரிது என்பதால் மட்டுமில்லை. பிரபலங்களை மட்டமாக நினைப்பதில் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தை அவள் வருஷம் முழுக்க வைத்துச் சாப்பிட்டாள்.

வீட்டில்தான் அந்தச் சுகம் செல்லுபடியாகவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேலாளர். நல்ல மனிதர், ஆனால் யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் ஒரு சொல்லையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். கோடைப் பக்கம் வந்தால் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், ஆறு புத்தகத்தையும் வாங்கிவந்து, ஒழுங்காகப் படித்தும் முடிப்பார். படித்துவிட்டு மனைவிக்குப் பாடம் வேறு எடுப்பார். "அந்த ஆர்க்கிடெக்ட் சொல்றார் பாரு, இந்தக் கதையே ஒரு வீடு மாதிரியாம், அறை அறையா திறக்குதாம். என்ன மூளை! நீயும் நாள் முழுக்கப் புத்தகத்தோடதான் கிடக்கிற, உனக்கு இப்படி ஒண்ணு தோணுமா?"

தோன்றியது அவளுக்குத்தான், அதுவும் பேருந்தில் நின்றுகொண்டு வந்தபோது. சொல்லமுடியுமா?

அவள் கல்யாணமான நாளிலிருந்து அவரைப் படிக்கச் சொல்லிக் கெஞ்சியது ஒரே ஒரு நாவல். பழுப்பு அட்டை, மெல்லிசான புத்தகம். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தியின் கதை. அதைப் படித்துத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். அதைப் படிக்காத ஒருவருக்குத் தன்னைப் பாதிதான் தெரியும் என்று நம்பினாள். வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், "ஆகட்டும், படிக்கலாம்" என்பார். உள்ளூர் மாடு விலை போகாது. பிடிவாதமாக அதை அவள் எந்தப் பிரபலத்துக்கும் தரவில்லை. அவர் கைக்கு அது போனால், தான் சொல்லித்தான் போகவேண்டும்.

போன வருஷம் அதற்கு ஒரு வழி பிறந்தது. சிற்பி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டார், படமும் எடுக்கவில்லை. பக்கம் அச்சுக்குப் போகவேண்டிய நாள். ஆறாவது பெட்டி காலி.

"யாரையாவது பிடிச்சுப் போடும்மா" என்றார் ஆசிரியர்.

"நான் எழுதறேன் சார். என் பேர்ல, என் படத்தோட."

ஆசிரியர் அவளை அன்றுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். "உன்னை என்னன்னு போடறது? அவங்கெல்லாம் கலைஞருங்க."

"துணை ஆசிரியர்னு போடுங்க."

"நம்ம ஆளையே நாம போட்டா, வேற ஆள் கிடைக்கலன்னு நினைப்பாங்க." கொஞ்சம் யோசித்து, "புத்தகக் காதலின்னு போட்டுடலாம்" என்றார்.

அந்தப் பட்டத்தைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையாட்டினாள். பெட்டி கிடைத்ததே பெரிசு.

உட்கார்ந்தாள். மற்றவர்களுக்கு எழுதும்போது பழக்கப்பட்ட குதிரைபோல ஓடுகிற கை, தனக்கென்று எழுதும்போது நொண்டியடித்தது. எழுதினாள், அடித்தாள், எழுதினாள். ஒரு தடவை நாலு வரியில் நாலு பேருக்கு நன்றி சொன்னாள், அதையும் அடித்தாள். கடைசியில் அச்சுக்குப் போனது, 'மனித மனத்தின் ஆழங்களைத் தொடும் அருமையான படைப்பு. அனைவரும் அவசியம் படிக்க வேண்டிய நூல்.' வேறு யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பதுபோல, இடம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இதழ் வந்த அன்றைக்கு வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். "அடடே, உன் படம்! சொல்லவே இல்லையே!" அக்கம்பக்கம், லிஃப்ட் கம்பெனி, அவருடைய தங்கை வீடு, எல்லோருக்கும் காட்டினார். சாயங்காலம் கடைக்குப் போய் வந்தார். மேஜைமேல் புத்தகங்களை அடுக்கினார். அக்கா எண்ணவேண்டிய தேவையே இல்லை, பழுப்பு அட்டை அதில் இல்லை என்று வாசலிலிருந்தே தெரிந்தது.

"நான் சொன்னது வாங்கலையா?"

"அதான் வீட்லயே இருக்கே" என்றார் அவர். "எப்ப வேணா பார்த்துக்கலாம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். அன்றைக்கு இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், அவர் நடனக்காரரின் புத்தகத்தைப் பற்றியே பேசினார், அவள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள்.

இந்த வருஷம் அவள் பிடிவாதத்தை விட்டாள். வெட்கம், மானம், எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். புதிதாகப் பெயர் வாங்கியிருந்த பீங்கான் கலைஞர் ஒருத்தி அந்த ஆறு பேரில் இருந்தாள். உடைந்தது போலவே கோப்பை செய்வாள், விலை கேட்டால் நமக்குத்தான் உடையும். போனில், "வாசிப்புங்கிறது ஒரு பயணம் இல்லையா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பயணத்தின் பெயரில் அக்கா பழுப்பு நாவலைப் போட்டாள். இந்தத் தடவை கை தானாக ஓடியது:

'மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவரும்வரை கை நடுங்கும். இந்த நாவலின் பாதிவரை எனக்கு அந்த நடுக்கம் நிற்கவில்லை. தொலைந்த குடையைத் தேடி ஒருவன் வருகிறான். குடை கிடைத்துவிடுகிறது. அதன்பிறகுதான் அழுகிறான்.'

வீட்டுக்காரர் வழக்கம்போலக் கத்தரித்தார், வாங்கினார். வீட்டில் அதே புத்தகம் இருப்பது ஞாபகமே வரவில்லை. புது அட்டை வேறு, நீல நிறம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அக்கா துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். கடைசிப் பக்கம் முடிந்தபோது அவருக்கு மூக்கு சிவந்திருந்தது.

"இதை நீ கட்டாயம் படிக்கணும்" என்றார்.

துணி கையிலேயே நின்றது. "அது நம்ம வீட்ல நான் வந்த நாள்லேர்ந்து இருக்குங்க. போன வருஷம் என் படத்தோட வந்ததும் இதேதான்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா அது? ஆனா உன்னோடதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணலையே. மனித மனம், ஆழம்னு என்னமோ போட்டிருந்த. இந்தப் பொண்ணு சொல்லியிருக்கிறதைப் பாரு, குடை கிடைச்சப்புறம் அழறான்னு! அதைப் படிச்சதும் கடைக்கு ஓடினேன்."

"அதையும் நான்தான் எழுதினேன்."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை, குழந்தை ஏதாவது சொன்னால் வருகிற சிரிப்பு. "டைப் அடிச்சது நீதான், யாரு இல்லைன்னா? ஆனா இது அனுபவிச்சவ எழுத்தும்மா. மண்ணுல கை வைக்காதவளுக்கு இது வராது."

அக்காவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த நாற்காலியையும் அதில் இருந்த மனிதரையும் சேர்த்து மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. கூடவே, வெளியில் சொல்லக்கூடாத அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளுடைய எழுத்தை இப்படிப் புகழ்ந்ததில்லை, இன்னொருத்தியைத்தான் புகழ்கிறார் என்று தெரிந்தும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. பச்சை அட்டை கேட்ட ஆளைவிடத் தான் கேவலமாகப் போய்விட்டதாக நினைத்தாள்.

"நல்லா எழுதியிருக்காளா?" என்று கேட்டாள்.

"பிரமாதமா எழுதியிருக்கா."

மடித்த துணியை ஒதுக்கிவிட்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "வாய்விட்டுப் படிங்க. கேக்கறேன்."

அவர் பர்ஸிலிருந்து கத்தரித்த தாளை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, பீங்கான் கலைஞரின் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.