சாம்பிளாகப் போன பிஸ்டன்

ஏறக்குறைய ஒரு வருஷம் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு பிஸ்டனைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். தலவாக்கலை ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கிறவர் முதலில் "எங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போகப்போக, "கெடைச்சுதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டுவேன். என் கழுத்து வலி அப்படி ஆட்டி ஆட்டி வந்ததுதான்.

பிஸ்டன் ஒரு மோட்டோகிராஸ் வண்டியுடையது. எழுபதுகளில் ஜப்பானில் செய்த டூ ஸ்ட்ரோக். எங்கள் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை ஏப்ரல் சீசன் ரேஸுக்கு அதை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் ஓட்டுவார். நான் பேக்டரியில் பிட்டர். ரேஸ் அன்றைக்கு ஸ்பேனர் பெட்டியைத் தூக்குவதும், வண்டி கிளம்பாவிட்டால் பின்னால் நின்று தள்ளுவதும், கிளம்பியதும் அது வாரியடிக்கிற சேற்றை முகத்தில் வாங்குவதும் என் வேலை. ஒரே ஒரு தடவை, எல்லாம் முடிந்த பிறகு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்று சாவியில்லாத அந்த வண்டியை என்னிடம் விட்டார். முக்கால் ரவுண்டில் விழுந்தேன். மீதிக் கால் ரவுண்டுக்காகத்தான் இத்தனை பாடும்.

அவர் மாற்றலாகிப் போகும்போது வண்டி செத்துக் கிடந்தது. "நீயே வச்சுக்க" என்றார். பங்களா கராஜ் மூலையில் அப்படியே கிடந்தது. தொண்ணூறுகளின் பிற்பாதியில் புதிய துரை வந்தார். கராஜைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது யார்ட?"

"என்னோடதுங்க."

"ஓடுமா?"

"ஓடுங்க. இப்ப ஓடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வர்ற மார்ச் கடைசி மட்டும் டைம். அதுக்குள்ள கொண்டு போயிரு. இல்லாட்டி பழைய இரும்பு லொறியில ஏத்திருவேன்."

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம்தான். ஆனால் எங்களுக்கு லயத்து வரிசை வீட்டில் இருந்தது ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணையாக ஒரு இஸ்தோப்பு. என் மனைவி கொழுந்து எடுப்பவள். பேச்சை எடைபோட்டுத்தான் பேசுவாள். "ஓடுற வண்டின்னா உள்ளுக்கே வரட்டும். பொணத்தக் கொண்டாந்து வாசல்ல போட்டீங்கன்னா நானே இரும்புக்காரனுக்கு ஆள் அனுப்புவேன்" என்றாள்.

ஆக, மார்ச் முடிவதற்குள் அது உயிரோடு வீட்டுக்கு வரவேண்டும். இல்லையென்றால் லொறி.

இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் கோடு கோடாகக் கீறல். "பிஸ்டன் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். தேயிலை அரைக்கிற ரோலரோடும் காய வைக்கிற அடுப்போடும் பதினைந்து வருஷம் பழகியவன், சொன்னால் சொன்னதுதான். மருந்தடிக்கிற மெஷினும் டூ ஸ்ட்ரோக்தானே என்று ஸ்டோரில் அதன் பிஸ்டனை வாங்கி வைத்துப் பார்த்தேன். குடத்துக்குள் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டது.

பழைய வண்டிப் பார்ட்ஸ் தேடுகிறவனுக்குப் பெயரும் நம்பரும் உதவாது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர்கள் கேட்பது ஒன்றே: "சாம்பிள் இருக்கா?" பழைய சாமானைக் கையில் கொடுத்தால், அதைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டி, மேலே பரணை ஒரு பார்வை பார்த்து, "இல்லை" என்பார்கள். இந்த 'இல்லை'யைக் கேட்கப் போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம். லீவு போட்டுப் போய் 'இல்லை' வாங்கி வருகிறவன் தோட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

யுத்தம் நடந்த அந்த நாளில் பைக்குள் இரும்புச் சாமானோடு ஒரு தமிழன் கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு செக்பாயின்டிலும் சோற்றுப் பார்சலுக்கு அடியிலிருந்து பிஸ்டன் வெளியே வரும். "மொகக்த மே?", என்ன இது, என்பார்கள். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி விளக்குவேன். ஒரு தடவை ஒரு ராணுவக்காரப் பையன், என்னைவிடப் பத்து வயசு இளையவன், பிஸ்டனை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். அவன் அப்பாவுக்குக் குருநாகலில் கராஜாம்.

"மல்லி, பிஸ்டனுக்கு ஒண்ணுமில்லை. அதைச் சுத்தி மாட்டுற ரிங்தான் போயிருக்கு" என்று சிங்களத்தில் சொன்னான்.

மல்லி என்றால் தம்பி. என்னைத் தம்பி என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். துவக்குப் பிடிக்கிறவன் பிட்டருக்குப் பாடம் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. துவக்கு அவனிடம் இருந்ததால், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பேக்டரியில் ரோலருக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். வீட்டில் என் ஸ்பேனர்களை வரிசையாக வைத்து மனைவி பொட்டு வைத்தாள். ஒரு ஓரத்தில் பிஸ்டனும் இருந்தது. "இதுக்குமா?" என்றேன். "இதுக்குத்தான் ரொம்பத் தேவை" என்றாள்.

அடுத்த பயணத்தில் பஞ்சிகாவத்தைக் கடை ஒன்றில், "சாம்பிளை வச்சிட்டுப் போங்க, நாலு எடத்துல காட்டிப் பாக்குறோம்" என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன். பை லேசாக இருந்தது. ஒரு மாதம் கழித்துப் போனால், சாம்பிளை யாரோ வேறு கடைக்குக் காட்டக் கொண்டுபோனாராம். அந்தக் கடைக்குப் போனால் இன்னொருவர் கொண்டுபோனாராம். மூன்றாவது கடையோடு என் கால் நின்றுவிட்டது. புதுசு தேடப் போய்ப் பழசையும் தொலைத்த பெருமையோடு ரயில் ஏறினேன். ஸ்டேஷன்காரர் "கெடைச்சுதா?" என்றார். அன்றைக்குத் தலையாட்டவும் தெம்பில்லை.

மார்ச் பாதி போனது. இரும்பு லொறிக்காரர் ஒருநாள் வந்து கராஜை எட்டிப் பார்த்துவிட்டுக்கூடப் போனார். அப்போதுதான் கண்டியில் பார்ட்ஸ் விற்கிற முஸ்லிம் நானா ஒருவர் தோட்டத்து ஆபிசுக்குப் போன் பண்ணினார். அவரிடமும் முன்பு சொல்லி வைத்திருந்தேன்.

"தம்பி, ஒங்கட மொடல் பிஸ்டன் ஒண்டு வந்தீக்கிது. கொழும்புச் சாமான். ரிங் இல்லாம வந்திச்சி, நான் அளவு பாத்து புது ரிங் தேடிப் போட்டு வச்சீக்கிறன். வாங்க."

மறுநாளே போனேன். பளபளவென்று மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வைத்திருந்தார். பக்கத்தில் கொஞ்சம் கீறல் இருந்தது. "பாவிச்ச சாமான்தானே தம்பி" என்றார். எனக்கு அந்தக் கீறல்கூட அழகாகத் தெரிந்தது. "நம்ம பழசவிட இது எவ்வளவோ மேல்" என்று நானாவிடம் சொன்னேன். இதை நான் சொன்னது நினைவிருக்கிறது. மறக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியின் கையில் வைத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறுக்குக் கம்பி போகிற துளைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தாள். விரல் நுனியில் சிவப்பு.

"ஏங்க, இது நான் வச்ச பொட்டு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரையும் திட்டவும் முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. சாம்பிளாகப் போன என் பிஸ்டன் தனக்கொரு ஜோடி தேடிக் கடை கடையாக ஏறி இறங்கி, ஜோடி கிடைக்காமல், கண்டிக்கு வரும்போது தானே சரக்காகியிருந்தது. எங்கள் தோட்டத்திலேயே தன் சாமானைத் தானே தேடி வாங்கிய ஒரே பிட்டர் நான்.

"ரிங் புதுசா?" என்றாள்.

"புதுசு."

"அந்த ஆமிக்காரப் பையன் ரிங்குன்னுதானே சொன்னான்?"

நான் பிஸ்டனை வாங்கி ரிங்கை நகத்தால் தட்டினேன்.

"சும்மா குந்தியிருக்காம போட்டுப் பாருங்க."

போட்டேன். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் கராஜில் நின்று கிக்கரை உதைத்தேன். முன்பெல்லாம் கால் சும்மா இறங்கும். இப்போது இன்ஜின் என் காலைத் திருப்பி உதைத்தது. அந்த வலியில் எனக்குக் கண் கலங்கியது. எத்தனையாவது உதையோ தெரியாது, கத்திக்கொண்டு எழுந்தது. துரை சவர நுரையோடு பங்களா வராந்தாவுக்கு வந்தார். நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற பயத்தில் அவருக்கு ஒரு கும்பிடுகூடப் போடாமல் கிளம்பினேன்.

பெரட்டுக்களத்தில் ஆட்கள் கைதட்டினார்கள். "பிட்டரு பறக்குறாரு, தலைக்கு மேல போகப் போறாரு, குனிங்கடி!" என்று ஒரு அக்கா கத்தினார். உண்மையில் நடந்து போகிற வேகம்தான். பிரேக் இல்லை.

இஸ்தோப்புக்கு முன்னால் மனைவி நின்றாள். இன்ஜினை அணைக்கக் கை போனது.

"அணைக்காதீங்க! உசுரோட உள்ள வரட்டும். நான் சொன்னது அதுதான்!"

இஸ்தோப்பில் ஏற்றி, நிலைப்படியைத் தாண்டி, அறைக்குள் கொண்டுபோனேன். சாமிப்படம் புகையில் மறைந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். அதன் பிறகுதான் அணைத்தேன்.

இறங்கத் தெம்பில்லை. அப்படியே சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில் ஒரு பக்கம் அலுமாரியில் முட்டியது, மறுபக்கம் சுவரில். இறங்க நினைத்தாலும் வழியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் குசினியிலிருந்து ஒரு கோப்பை பிளேன்டீயை அலுமாரிக்கு மேலால் எட்டி நீட்டினாள்.

"வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

"ஏப்ரல் சீசனுக்குப் போகட்டுமா?" என்றேன்.

"மொதல்ல இதுல இருந்து எறங்குங்க."