கண்மாய்க்குப் போய் வந்தவர்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். வெள்ளக்காலத் தன்னார்வலர்கள் கைப்பேசியில் கூடிப் பேசவும் அறிவிப்புக் கேட்கவும் செக்காலைப் பகுதியில் ஓர் இணையச் செயலியை அமைத்துக்கொண்டிருந்தோம். சோதனை என்று முதலில் சொல்லிவிட்டு, சாக்கோட்டைக் கண்மாயில் ஒருவர் சிக்கியிருப்பதாக மேடைப் பேச்சாளனான நான் என் மேடைக் குரலிலேயே அறிவித்தேன். தாமதமாக இணைந்த ஆட்டோக்காரர் ஒருவருக்கு அந்த முதல் வாக்கியம் கேட்கவில்லை.

மாலையில் அவர் எங்கள் அறைக்கே வந்தார். முழங்கால்வரை சேறு, தோளில் நனைந்த கயிறு. காக்கிச் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"கரை முழுக்கத் தேடிட்டேன் தம்பி. ஆளைக் காணோம்."

"அண்ணே, அது சோதனைக்குப் பேசுனது. யாரும் மாட்டல."

ஏச்சுக்குக் காத்திருந்தேன். அவர் பெஞ்சில் சரிந்தார்.

"அப்ப யாரும் சாகலையே?"

"இல்லண்ணே."

"அது போதும். நல்லாத்தான் பேசுறீக, நம்பிட்டேன்."

நான் பெற்ற கைதட்டல்களுக்கிடையே அந்தப் பாராட்டை எங்கே வைப்பதென்று இன்றும் தெரியவில்லை. அவர் போனபின், செயலியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "சோதனைக்காகக்கூட இனி எவரையும் நான் தண்ணீரில் இறக்கமாட்டேன்."